பிரெஞ்சு கற்க பிரான்ஸில் ஒரு செமஸ்டர்: விண்ணப்பம் முதல் மதிப்பெண் பட்டியல் வரை

ஒரு செமஸ்டர் என்றால் காகிதத்தில் நான்கு மாதம். வந்து இறங்கி வீடு, வங்கி, போன் என்று அலைவதில் முதல் இரண்டு மூன்று வாரம் போய்விடும். கடைசி இரண்டு வாரத்தைத் தேர்வு எடுத்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சுவது ஏறத்தாழ பன்னிரண்டு வாரம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில் ஓடுகிறது: கிளம்பும் முன்பே முடிக்கக்கூடிய எதையும் அங்கே போய்ச் செய்யாதீர்கள், அங்கே போனபின், பிரெஞ்சு பேசும் நேரத்தைத் தின்னும் எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது? (10 முதல் 12 மாதம் முன்பு)

'செமஸ்டர் அப்ராட்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு.

முதலாவது பரிமாற்றத் திட்டம். உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும். கட்டணத்தை உங்கள் கல்லூரியிலேயே கட்டுவீர்கள். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் போய் உட்காரப்போவது பிரெஞ்சு மாணவர்களுக்கான வழக்கமான வகுப்பில். ஆசிரியர் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். பலகையில் எழுதுவது அபூர்வம். அதனால் பொதுவாக பி2 நிலை, அதாவது ஆறு மொழி நிலைகளில் நான்காவது, கேட்பார்கள். பரிமாற்ற மாணவர்களுக்கான தனி மொழி வகுப்பு பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம்தான். பி2 இல்லாதவர்கள் ஆங்கிலவழிப் பாடங்களை எடுத்துக்கொண்டு, நான்கு மாதம் பிரான்ஸில் ஆங்கிலம் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களின் மொழி மையங்கள். வெளிநாட்டவருக்கு பிரெஞ்சு கற்பிப்பது மட்டுமே இவற்றின் வேலை. பெசான்சோனில் 1958இல் தொடங்கிய பயன்பாட்டு மொழியியல் மையம், விஷியில் 1964 முதல் இயங்கும் காவிலாம், க்ரெனோபிள், லியோன், மோன்பெலியே, ஸ்ட்ராஸ்பூர், ரென், ஆன்ஜே நகரப் பல்கலைக்கழகங்களின் மையங்கள் எல்லாம் இந்த வகை. வாரம் 15 முதல் 20 மணி நேர வகுப்பு, 12 முதல் 14 வாரம். முடிவில் பல மையங்கள் டியூஇஎஃப் என்ற பல்கலைக்கழகப் பட்டயத்தை, நீங்கள் முடித்த நிலையைக் குறிப்பிட்டுத் தருகின்றன. செமஸ்டர் கட்டணம் பெரும்பாலும் 1,500 முதல் 2,500 யூரோவுக்குள் அடங்கும். மொழிதான் நோக்கம் என்றால் இந்த வாசலே சரி.

மூன்றாவது, தனியார் பள்ளிகளும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையங்களும். எந்த வாரத்திலும் சேரலாம் என்பது வசதி. கல்லூரி ஏற்கும் கிரெடிட் கிடைக்குமா என்பது சந்தேகம். சேர்வதானால் 2007இல் தொடங்கப்பட்ட 'குவாலிதே எஃப்எல்இ' தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

போவதற்கு முன் எந்த நிலையில் இருக்க வேண்டும்?

ஏ1இல் தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். ஏ2 முடிக்க மொத்தம் சுமார் 200 மணி நேரப் பாடம், பி1 முடிக்க சுமார் 400, பி2 முடிக்க சுமார் 600 என்பது ஆசிரியர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒரு செமஸ்டரில் வகுப்பு மட்டும் 200 முதல் 250 மணி நேரம். ஆக, கீழ் நிலைகளில் ஒரு செமஸ்டருக்கு ஒரு படி ஏறலாம். பி2இலிருந்து சி1க்கு ஒரே செமஸ்டரில் தாண்டுவது அரிது.

பூஜ்யத்திலிருந்து தொடங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாதீர்கள். ஏ1, ஏ2 பாடம் எங்கே படித்தாலும் ஒன்றுதான். வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்ய ஐரோப்பிய வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஏ2 முடித்துப் போனால் முதல் வாரத்திலிருந்தே கடையில், பேருந்தில், சமையலறையில் காதில் விழுவது பாடமாகிறது. அதுவரை ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கையைத் தினமும் பத்து நிமிடம் கேளுங்கள். எழுத்து வடிவமும் உடன் கிடைக்கும். முதலில் பார்க்காமல் கேட்டு, பிறகு பார்த்துக்கொண்டு கேட்டு, மூன்றாம் முறை மறுபடி பார்க்காமல் கேட்பது பலன் தரும்.

செப்டம்பரா ஜனவரியா? பாரிஸா சின்ன ஊரா?

செப்டம்பரில் போனால் எல்லாரும் புதுசு. மாணவர் சங்கங்களும் விளையாட்டுக் குழுக்களும் ஆள் சேர்ப்பது அப்போதுதான். ஆனால் வீட்டுக்கு அடிதடி. ஜனவரியில் வீடு எளிதாகக் கிடைக்கும். நட்பு வட்டங்கள் ஏற்கெனவே மூடியிருக்கும், குளிரும் இருட்டும் வெளியே போகும் ஆசையைக் குறைக்கும். மொழிக்காகப் போகிறவருக்கு செப்டம்பர்தான் நல்லது. ஒரு எச்சரிக்கை: சில பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் தேர்வு ஜனவரியில் நடக்கும். டிசம்பரில் விமான டிக்கெட் போடும் முன் தேர்வுத் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊரைப் பொறுத்தவரை, பாரிஸில் வாடகை சின்ன நகரங்களைவிட மிக அதிகம். நீங்கள் தடுமாறினால் எதிராளி உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவதும் அங்கே அதிகம். பெசான்சோன், தூர், ஆன்ஜே போன்ற ஊர்களில் அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது; அது உங்களுக்கு நல்லதுதான். தூர் நகரத்தில்தான் 'சுத்தமான' பிரெஞ்சு பேசுவார்கள் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பி1இல் இருப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கிரெடிட்: கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள்

ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பியக் கிரெடிட். ஒரு ஈசிடிஎஸ் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மொழி மையங்களில் சில ஈசிடிஎஸ் தரும், சில வெறும் மணி நேரக் கணக்கை மட்டும் தரும். பாட விவரம், மொத்த மணி நேரம், மதிப்பீட்டு முறை மூன்றையும் மையத்திடம் வாங்கி, உங்கள் துறைத் தலைவரிடம் காட்டி, எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள்.

கூடவே மதிப்பெண் மாற்று முறையையும் பேசி முடியுங்கள். அங்கே 20க்குத்தான் மதிப்பெண். 10 தேர்ச்சி, 12 பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. 20க்கு 20 விழுவது மிக அபூர்வம். இதைத் தெரியாத ஒரு அலுவலகம் 13ஐ 65 சதவீதமாக மாற்றிவிட்டால், நல்ல மாணவரின் சராசரி காரணமில்லாமல் இறங்கும். போய் வந்தபின் வாதாடுவதைவிட, போகும் முன் ஒரு பக்கக் குறிப்பு வாங்குவது எளிது.

விசா (4 மாதம் முன்பு தொடங்கி)

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர் 90 நாளுக்கு மேல் தங்கினால் நீண்டகால விசா வேண்டும். வகுப்பு 12 வாரம்தானே, ஷெங்கன் குறுகிய விசாவில் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நிலைத் தேர்வு, இறுதித் தேர்வு, விடுமுறை எல்லாம் சேர்ந்து 90 நாள் தாண்டிவிடும். குறுகிய விசாவை அங்கே போய் மாணவர் விசாவாக மாற்ற முடியாது.

செமஸ்டர் மாணவருக்கு இரண்டில் ஒன்று கிடைக்கும். ஆறு மாதம் வரையிலான படிப்புக்கு விஎல்எஸ்-டி எனப்படும் தற்காலிக நீண்டகால விசா. இதில் விசா ஸ்டிக்கரிலேயே 'திஸ்பான்ஸ் தாம்பொரேர் த கார்த் த ஸேழூர்' (வதிவிட அட்டையிலிருந்து தற்காலிக விலக்கு) என்று அச்சாகியிருக்கும். அங்கே போய் எதையும் பதிவுசெய்ய வேண்டாம், நீட்டிக்கவும் முடியாது. மற்றது விஎல்எஸ்-டிஎஸ், இது வதிவிட அனுமதியாகவும் செல்லும். ஆனால் பிரான்ஸில் நுழைந்த மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்ப்புப் பதிவு செய்து, மின்-முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இதை மறந்தால் உங்கள் தங்கலே சட்டவிரோதமாகிவிடும். விடுமுறைக்கு ஷெங்கன் எல்லைக்கு வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. விசா எண், நுழைந்த தேதி, முகவரி இருந்தால் இந்தப் பதிவு பத்து நிமிட வேலை. ஸ்டிக்கரைக் கையில் வாங்கியதும் எது என்று படித்துப் பாருங்கள்.

வரிசை இப்படி: மையத்தின் சேர்க்கைக் கடிதம் (தேதியும் வார மணி நேரமும் அதில் இருக்க வேண்டும்), பிறகு 'எத்யூட் ஆன் ஃபிரான்ஸ்' நடைமுறை கட்டாயமான நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால் அந்தத் தளத்தில் கோப்பு, வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அமைப்பான கேம்பஸ் ஃபிரான்ஸின் நேர்காணல், பிறகு ஃபிரான்ஸ்-விசா தளத்தில் படிவம், பிறகு நேரில் சமர்ப்பிப்பு. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் கொடுக்க முடியும். அதற்கு முந்தைய படிகளை முன்கூட்டியே முடித்து வையுங்கள். பணவசதிச் சான்றில் மாதத்துக்கு 615 யூரோ என்பது நெடுங்காலமாகக் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகை. அதுவே உங்கள் பட்ஜெட் என்று நினைத்துவிடாதீர்கள்; பாரிஸில் அது வாடகைக்கே பத்தாது.

நேர்காணலில் ஏன் பிரெஞ்சு, ஏன் இந்த ஊர், உங்கள் பட்டப்படிப்போடு இது எப்படிச் சேர்கிறது என்று கேட்பார்கள். மூன்றாவதற்குத்தான் பலர் திணறுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் விரித்து எழுதியிருக்கும். பிரெஞ்சுப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டத்தோடுதான் வரும். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்து, அதே வரிசையில் சேர்க்கை, காப்பீடு, தேர்வுப் பதிவு என எல்லாவற்றிலும் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் பெயர் மாறிப்போனால் ஊரிலிருந்தபடி திருத்துவது பெரும்பாடு.

வீடு: மொழியைத் தீர்மானிப்பது இதுதான்

வகுப்பு நாளுக்கு நான்கு மணி நேரம். மீதி நேரத்தில் யாரோடு சமைக்கிறீர்கள், யாரிடம் சாவி கேட்கிறீர்கள் என்பதுதான் நான்கு மாத முடிவில் வித்தியாசம் காட்டும். அதனால் வாடகைக்கு அடுத்தபடியாக அல்ல, வாடகைக்கு இணையாகவே இதை எடைபோடுங்கள்.

ஏ2, பி1 நிலையில் இருப்பவருக்கு விருந்தோம்பும் குடும்பம் நல்ல தேர்வு. மொழி மையமே ஏற்பாடு செய்யும். இரவுச் சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரு மணி நேரம் பேச்சு கிடைக்கும். ஆனால் ஒரே வீட்டில் மூன்று வெளிநாட்டு மாணவர்களை வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே மேஜையில் ஆங்கிலம்தான் ஓடும். 'வேறு மாணவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் மொழி என்ன, இரவுச் சாப்பாடு சேர்ந்தா தனியாகவா' என்று முன்பே கேளுங்கள். சைவம் என்றால் முட்டை, மீன், இறைச்சிச் சாறு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பி1க்கு மேலே பிரெஞ்சுக்காரர்களோடு பகிர்ந்த வீடு, அதாவது கொலொகாசியோன், சிறந்தது. அதிகம் தெரியாத இன்னொரு வழி, தலைமுறை கடந்த கூட்டுக் குடித்தனம்: தனியாக வாழும் முதியவர் வீட்டில் ஒரு அறை, குறைந்த வாடகை, பதிலுக்கு மாலையில் வீட்டில் இருப்பது, சேர்ந்து சாப்பிடுவது. மெதுவாக, முழு வாக்கியங்களில் பேசும் துணை இதைவிட மலிவாகக் கிடைக்காது. க்ரூஸ் என்ற அரசு மாணவர் நல அமைப்பின் விடுதி மலிவு. ஒன்பது சதுர மீட்டர் அறை, மூடிய கதவுகள், பேச்சு குறைவு. நம் ஊர் மாணவர்களோடு சேர்ந்து வீடு எடுப்பது மனசுக்கு இதம், மொழிக்கு நஷ்டம்.

ஒப்பந்தத்தைப் பற்றி. நான்கு மாதத்துக்குப் பொருத்தமானது 'பாய் மொபிலிதே', 2018இல் வந்த சட்டத்தின்படி 1 முதல் 10 மாதத்துக்கான, சாமான்களோடு கூடிய வீட்டுக்கான ஒப்பந்தம். இதில் முன்பணம் வாங்கவே கூடாது. சாதாரண ஃபர்னிஷ்டு வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு. வீட்டுக்காரர் பிரான்ஸில் வசிக்கும் ஜாமீன்தாரரைக் கேட்பார். உங்களுக்கு யாரும் இல்லையென்றால் விசால் என்ற இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. 30 வயது வரையிலான மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வாங்க வேண்டும், பிறகு செல்லாது. வீட்டுக் காப்பீடு கட்டாயம். சாவி கொடுக்கும்போதே சான்று கேட்பார்கள்.

வீட்டைப் பார்க்கும் முன் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பது அவர்களின் வழக்கமான வசனம். நேரில் பார்க்க முடியாதபோது மையம் பரிந்துரைக்கும் இடத்தில் முதல் மாதம் தங்கி, அங்கிருந்து தேடுங்கள்.

குடியேறும் நாளில் வீட்டின் நிலையை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடும் தாளில் அவசரப்படாதீர்கள். கீறல், கறை, ஓடாத அடுப்பு எல்லாவற்றையும் எழுதி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முன்பணத்தில் வெட்டு விழுவது பெரும்பாலும் இந்தத் தாளில் விட்டுப்போனவற்றுக்குத்தான்.

பணம்

முதல் மாதம்தான் கழுத்தைப் பிடிக்கும்: வாடகை, முன்பணம், காப்பீடு, பயண அட்டை, பாத்திரம், போர்வை. வாடகையைப் போல மூன்று மடங்கு தொகை முதல் நாளிலேயே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். காஃப் என்ற அரசு உதவித்தொகை அமைப்பின் வாடகை உதவியை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். அதற்குச் சரிபார்க்கப்பட்ட விஎல்எஸ்-டிஎஸ் வேண்டும், விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தாலும் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும், அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். சிவெக் என்ற மாணவர் நலக் கட்டணம் 2025-26இல் 105 யூரோ. ஒப்பந்தப் பரிமாற்ற மாணவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றவர்கள் மையத்தைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மதியச் சாப்பாடு க்ரூஸ் உணவகத்தில் 3.30 யூரோவோ அதற்கும் குறைவோ. வெளியே அந்த விலைக்கு ஒரு சாண்ட்விச்கூட கஷ்டம்.

ஊர் சுற்ற நினைத்தால் 27 வயது வரையுள்ளவர்களுக்கான ரயில் சலுகை அட்டை வருடத்துக்கு 49 யூரோ. டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும். இரண்டு நீண்ட பயணத்தில் அட்டைக் காசு திரும்பிவிடும்.

முதல் இரண்டு வாரம்

வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும், வீட்டுக்கு வங்கி விவரம் கேட்பார்கள். இந்தச் சுழலில் எல்லாரும் மாட்டுகிறார்கள். குடும்பத்தோடு அல்லது நண்பர் வீட்டில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட தங்கும் சான்றும், அவருடைய அடையாள அட்டை நகலும், அவர் பெயரிலுள்ள ஒரு மின்கட்டண ரசீதும் சேர்ந்தால் முகவரிச் சான்றாகும். முதலில் இதை வாங்குங்கள், பிறகு வங்கி, பிறகு ஒப்பந்தக் கட்டுப்பாடு இல்லாத போன் இணைப்பு.

உடல்நலக் காப்பீட்டில், விஎல்எஸ்-டிஎஸ் உள்ள பல்கலைக்கழக மாணவர்கள் அரசு உடல்நலக் காப்பீட்டின் இணையச் சேவையான அமேலியின் வெளிநாட்டு மாணவர் தளத்தில் இலவசமாகப் பதியலாம். அங்கே பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள்; அதன் மொழிபெயர்ப்பை முன்பே செய்து எடுத்துப்போங்கள். பதிவு முடிய வாரக்கணக்காகும். அதனால் எந்த விசாவானாலும் முழுக் காலத்துக்குமான பயணக் காப்பீடு கையில் இருக்கட்டும். பொது மருத்துவர் கட்டணம் 30 யூரோ. அவசரத்துக்கு எண் 112. மருத்துவத்துக்கு மட்டும் 15.

கையெழுத்துப் படிவங்களில் ஒரு சின்ன விஷயம்: பிரெஞ்சுக்காரர்கள் 1ஐ நீண்ட மேல்கோட்டோடு எழுதுவார்கள், 7இன் நடுவே குறுக்குக் கோடு போடுவார்கள். நாம் சாதாரணமாக எழுதும் 7 அவர்கள் கண்ணுக்கு 1. கணக்கு எண்ணில் இது தப்பினால் ஒரு வாரம் வீண்.

நிலைத் தேர்வும் வகுப்பும்

நிலைத் தேர்வுக்குத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். இலக்கணம் மனப்பாடமாக இருக்கும் மாணவர்கள் எழுத்தில் அதிகம் வாங்கி, பேச்சு வராத பி2 வகுப்பில் மாட்டிக்கொண்டு செமஸ்டர் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். தவறான வகுப்பு என்று பட்டால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பின் மாற்ற மாட்டார்கள்.

எழுத்துத் தாளில் மதிப்பெண் போவது பிழையால் மட்டுமல்ல, அமைப்பு இல்லாததாலும்தான். முன்னுரையில் பிரச்சினை என்ன என்று ஒரு கேள்வியாக வைக்க வேண்டும், கட்டுரை எந்தப் பகுதிகளாகப் போகும் என்று அறிவிக்க வேண்டும், பிறகு அந்த வரிசையிலேயே போக வேண்டும். அழகாக எழுதியும் திட்டம் தெரியாத கட்டுரைக்கு 9தான் கிடைக்கும்.

வருகைப்பதிவு கறார். அனுமதியில்லாத விடுப்பு கூடினால் சான்றிதழே கிடைக்காது.

தமிழ் நாக்குக்கான உச்சரிப்புக் குறிப்புகள்

பிரெஞ்சின் மூக்கொலிகள் பலருக்குப் பெரிய தடை. தமிழ் பேசுகிறவருக்கு அவை ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. பேச்சில் 'வந்தான்' என்று சொல்லிப் பாருங்கள்: கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை, 'ஆ'வே மூக்கு வழியாக முடிந்துவிடுகிறது. 'மரம்' என்பதன் முடிவில் வரும் ஒலி பிரெஞ்சு 'ஒன்'னுக்கு மிக நெருக்கம். வகுப்பில் எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போதுதான், 'நல்ல' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை 'போன்' என்று மெய்யை அழுத்தி இதைக் கெடுத்துக்கொள்கிறோம்.

சிக்கல் வேறிடத்தில். தமிழ் எழுத்தில் ப-வுக்கு ஒரே வடிவம். பிரெஞ்சில் அதிர்வுள்ள ப, அதிர்வில்லாத ப இரண்டும் பொருளை மாற்றும். மீனுக்கும் பானத்துக்குமான சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும். மீனுக்கும் விஷத்துக்குமானவை நடுவில் வரும் ஸ-வின் அதிர்வில் மட்டும். மூன்றையும் தமிழில் எழுதினால் 'புவாஸோன்'தான். தொண்டையில் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்த்தபடி இந்த ஜோடிகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.

பிரெஞ்சில் 'உ' போலக் கேட்கும் இன்னொரு உயிரொலிக்கு: 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். 'மேலே', 'கீழே' இரண்டுக்குமான சொற்களைப் பிரிப்பது இது ஒன்றுதான்.

எண்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 76 என்பது அறுபது-பதினாறு. 'ஸ்வாஸான்த்' என்று காதில் விழுந்ததும் கை 6ஐ எழுதிவிடும், அடுத்து 'ஸேஸ்' வரும்போது தாள் கெட்டுவிடும். 92 என்பது நான்கு-இருபது-பன்னிரண்டு. அறுபது அல்லது நான்கு-இருபது கேட்டால் அடுத்த சொல் வரும்வரை பேனாவை வைக்காதீர்கள். வானொலியில் வரும் எண்களை எழுதிப் பார்ப்பதே இதற்குப் பயிற்சி.

வகுப்புக்கு வெளியே

பேக்கரிக் கடையில் 'பொன்ழூர், உய்ன் பகெத், சில் வூ ப்ளே' என்று ஒப்பித்துவிடலாம். பதிலுக்கு 'எ அவெக் ஸஸி?' என்று கேட்பார்கள். வேறு ஏதாவது வேண்டுமா என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தில் இது அரிதாகவே வரும். 'ஸ ஸ்ரா தூ, மெர்சி' என்றால் முடிந்தது. நான்கு மாதமும் இப்படித்தான்: நீங்கள் சொல்லும் வாக்கியம் தெரியும், திரும்பி வருவதுதான் புரியாது. அதனால் குறிப்பேட்டில் நீங்கள் சொன்னதை அல்ல, எதிராளி சொன்னதை எழுதுங்கள், கேட்டபடியே, தமிழ் எழுத்தில்கூட. மறுநாள் ஆசிரியரிடம் காட்டினால் அது என்ன என்று சொல்வார்.

உள்ளே நுழைந்ததும் 'பொன்ழூர்' சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள். பேருந்து ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர், மருத்துவர் வரவேற்பறையில் காத்திருப்பவர் எல்லாருக்கும் இது உண்டு.

நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பழக்கம் என்பதால் 'தூ', 'வூ' எளிது. ஆனால் நம் வயதுக் கணக்கை அங்கே போடாதீர்கள். சக மாணவர் பத்து வயது மூத்தவரானாலும் 'தூ'தான். 'வூ' போட்டால் தள்ளி நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். கடைப் பையன் உங்களைவிடச் சின்னவனானாலும் 'வூ'தான்.

பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் முதல் இரண்டு வாரத்தில் பெயர் கொடுங்கள். கட்டணம் குறைவு, இடம் சீக்கிரம் நிரம்பும். மொழிப் பரிமாற்றக் காபிச் சந்திப்புகளைவிட இதுவே மேல்: அந்தச் சந்திப்புக்கு வருகிறவர் உங்கள் ஆங்கிலத்துக்காக வருகிறார், கைப்பந்துக் குழுவில் யாருக்கும் அந்த எண்ணமில்லை. ஒரே கட்டளைகள் திரும்பத் திரும்ப வருவதால் காதும் பழகும். பேச்சு பிரெஞ்சும் குழுவில்தான் கிடைக்கும்: மறுப்பில் 'ந' விழுந்துவிடும், 'நூ'வுக்குப் பதில் 'ஒன்', 'எனக்குத் தெரியாது' என்பது 'ஷே பா' என்று சுருங்கும்.

ஆங்கிலத்துக்குத் தாவுகிறவரிடம் சிரித்தபடி 'ழ ப்ரெஃபேர் கோன்தினுவே ஆன் ஃபிரான்ஸே' (பிரெஞ்சிலேயே தொடர விரும்புகிறேன்) என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் முன்னேற்றம் நின்றுபோனதாகத் தோன்றும். காது வேகமாக வளர்ந்து, வாய் பின்தங்கியிருக்கும் காலம் அது. தினமும் இரண்டு மணி நேரம் ஊருக்கு வீடியோ அழைப்பு தொடங்குவதும் இப்போதுதான். அழைப்பை வாரத்தில் இரண்டு நாளாக்குங்கள்.

தேர்வும் திரும்புதலும்

டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தகுதித் தேர்வை எழுத நினைத்தால் வந்த முதல் மாதத்திலேயே பதிவு செய்யுங்கள். தேர்வுக்கு வாரங்கள் முன்பே பதிவு மூடிவிடும். நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 25. மொத்தம் 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பி2வில் எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல். பேச்சுக்கு 30 நிமிடம் தயாரிப்பு. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. டிசிஎஃப் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வின் சான்று இரண்டு வருடம்தான் செல்லும்.

கிளம்பும் முன் மையத்திடம் மதிப்பெண் பட்டியல் எப்போது வரும், யாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று கேட்டு, தேர்ச்சி உறுதிக் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். பட்டியல் உங்கள் கல்லூரியின் கெடுவுக்குள் வராமல் போகலாம். அந்தக் கடிதம் அதுவரை தாங்கும். வீட்டுக்கு முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் கொடுங்கள். வெளியேறும்போது வீட்டின் நிலை நுழைந்தபோது எழுதியதுபோலவே இருந்தால் முன்பணம் ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதம். ஆகவே பிரெஞ்சு வங்கிக் கணக்கை அந்தப் பணம் வந்து சேர்ந்தபின் மூடுங்கள். போன் இணைப்பையும் அதுவரை விட்டுவையுங்கள், வங்கியின் உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.